கணவாய் வகுக்கும் கோவையின் காலநிலை

தமிழகத்தின் உள்நாட்டு நகரங்களுள் கோயம்புத்தூரின் கோடை தனித்த இயல்புடையது. சென்னையில் வெயில் மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் உச்சத்தைத் தொட, கோவையிலோ அது மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே 36 டிகிரி செல்சியஸை ஒட்டி உச்சமடைந்து, ஜூன், ஜூலையில் 31 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில் இருப்பதே காரணம் என்று சொல்வதுண்டு. உயரம் வெப்பத்தைச் சற்றே தணிக்குமேயன்றி, கோடையின் உச்சத்தை முன்கூட்டியே முடித்துவைக்காது. அதைச் செய்வது மேற்கிலுள்ள பாலக்காட்டுக் கணவாய்.

வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்க, அவற்றிடையே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை அறுபட்டுக் கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும், மலைச்சுவரால் தடுக்கப்பட்ட அரபிக்கடல் காற்று இந்த இடைவெளியில் நெருக்கிப் புகுந்து, வேகம் கூடி, கடலின் குளிர்ச்சி முற்றும் நீங்குமுன்பே கொங்குச் சமவெளியை அடைகிறது. பல்லடம், உடுமலை வட்டாரங்களில் காற்றாலைகள் பெருகியதும் இக்காற்றை நம்பித்தான். சென்னையிலோ, காய்ந்த உள்நிலத்தின் மேல் நெடுந்தொலைவு சூடேறி வரும் மேலைக்காற்று, வங்கக் கடற்காற்றை நெடுநேரம் உள்ளே வரவிடாமல் தடுத்து அனலைக் கூட்டுகிறது. ஒரே பருவக்காற்று ஒரு நகரைத் தணித்து மற்றொன்றை வாட்டுவது, தமிழக வானிலையில் மிகவும் வியப்புக்குரிய செய்தி எனலாம்.

இத்தனை ஈரக்காற்று வீசியும் கோவையில் அப்பருவத்தில் பெருமழை இல்லை. காற்று மேலெழுந்து குளிர்ந்தால்தான் அதிலுள்ள நீராவி துளிகளாகத் திரளும். கணவாயினூடே வரும் காற்றுக்கு உயர ஏறும் தேவையில்லை. மலைமேல் ஏறும் காற்றோ நீரின் பெரும்பகுதியைக் கேரளச் சரிவிலேயே பொழிந்துவிட்டு, இப்புறம் இறங்கும்போது அழுத்தம் கூடுவதால் சூடேறி உலர்ந்துவிடுகிறது. மலையின் பின்புறத்தே இவ்வாறு மழை குன்றிய நிலமே மழைமறைவுப் பகுதி எனப்படுகிறது. ஜூலை மாதப் பிற்பகலில் வெள்ளியங்கிரியின் முகடுகள் மேகத்துள் மறைந்திருக்க, அடிவாரத்துப் பூண்டியில் சாரல் அடித்துக்கொண்டிருக்கும். பேரூருக்கு வரும்போது அது சில துளிகளாகிவிட, கிழக்கே சூலூரில் வெயிலும் புழுதிக்காற்றுமே மிஞ்சும். சுமார் 50 கிலோமீட்டருக்குள் இவ்வளவு வேறுபாடு. அந்த மலைமழையே சிறுவாணி நீராக நகரத்தின் குழாய்களுக்கும் வந்து சேர்கிறது.

நகரத்தின் சொந்த மழை ஆண்டுக்குச் சுமார் 600 முதல் 700 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழப் பாதி, வடகிழக்குப் பருவமழையாக அக்டோபரிலும் நவம்பரிலுமே பெய்கிறது. வங்கக்கடலிலிருந்து நெடுந்தொலைவு வரும் ஈரம் வழியிலேயே குறைந்துவிடுவதால், நாள்முழுதும் நின்று பெய்யும் அடைமழை இங்கே அரிது. மாலையில் இடியோடு இறங்கி ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும் மழையே மிகுதி. அத்தகைய ஒரே மழையில் லங்கா கார்னர் சுரங்கப்பாதை நிரம்பிப் போக்குவரத்து நின்றுபோவதைக் கோவைவாசிகள் நன்கறிவர்.

இந்தக் குறுகிய மழைக்காலத்தின் நீரைத் தேக்கி ஆண்டு முழுவதற்கும் காப்பதற்கென்றே முன்னோர் நொய்யலாற்றை ஒட்டி உக்கடம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர் என அடுத்தடுத்துக் குளங்களை அமைத்தனர். குளங்கள் இன்றும் உள்ளன. நீர் கொண்டுவரும் வாய்க்கால்களில் பல கழிவுநீராலும் குப்பையாலும் அடைபட்டுவிட்டன. மழைக்கு இயற்கை ஒதுக்கியிருப்பது சில வாரங்களே என்பதால், செப்டம்பர் முடிவதற்குள் அவற்றைத் தூர்வாரி முடிப்பதை மாநகராட்சியும் மக்களும் ஆண்டுதோறும் தவறாத கடமையாக மேற்கொள்ள வேண்டும்.