மோட்டார் எஞ்சினில் காஸ்கட்டும் டைமிங் பெல்ட்டும் மாற்றும் முறை

டில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் தமிழன்பர்களுள் பலர், கோடை விடுமுறையில் குடும்பத்துடன் சொந்தக் காரிலேயே ஊருக்குப் புறப்படுகின்றனர். டில்லியிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். வழியில் விந்திய மலைப் பகுதியின் வெயிலும் தக்காணத்தின் வெப்பமும் எஞ்சினைச் சோதிக்கும். அத்தகைய பயணத்தை நடுவழியில் நிறுத்திவிடக்கூடிய உறுப்புகள் இரண்டு உள. ஒன்று ஹெட் காஸ்கட். மற்றொன்று டைமிங் பெல்ட். இவற்றின் தன்மை யாது, இவற்றை வீட்டிலேயே மாற்றலாமா என்பனவற்றை இங்கே ஆராய்வோம்.

எஞ்சினின் கீழ்ப்பகுதி பிளாக். அதனுள் பிஸ்டன்கள் ஏறி இறங்குகின்றன. மேல்மூடி ஹெட், அதில் வால்வுகள் உள்ளன. இவ்விரண்டுக்கும் இடையே வைக்கப்பெறும் மெல்லிய தகடே காஸ்கட். பெட்ரோல் எரியும்போது எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பல பத்து மடங்காகும். அதனை வெளியே விடாமல் தடுப்பதோடு, பக்கத்துத் துளைகளில் ஓடும் எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவாமலும் இத்தகடு காக்கின்றது. பல வண்டிகளில் பிளாக் வார்ப்பிரும்பாகவும் ஹெட் அலுமினியமாகவும் அமைந்துள்ளன. அலுமினியம் வெப்பத்தால் இரும்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். எஞ்சின் அளவு மீறிச் சூடேறினால் ஹெட் வளைகிறது, காஸ்கட் பழுதுறுகிறது.

டைமிங் பெல்ட்டின் பணி வேறு. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் ஓர் ஒழுங்கில் பிணைப்பது அது. கிராங்க் இருமுறை சுற்றினால் கேம் ஒருமுறை சுற்றவேண்டும். பழைய அம்பாசிடரிலும் பத்மினியிலும் இப்பணியைச் சங்கிலி செய்தது. 1983-இல் வெளிவந்து 2014 வரை உற்பத்தியான மாருதி 800, பற்களுள்ள ரப்பர் பெல்ட்டை எண்ணற்ற இல்லங்களுக்கு அறிமுகப்படுத்தியது. பெல்ட்டுக்கு எண்ணெயும், கூலன்ட்டும், வயதும் பகை. அது பெரும்பாலும் முன்னறிவிப்பின்றியே அறும். சில எஞ்சின்களில் அறுந்தால் வண்டி நிற்பதோடு முடியும். வேறு சிலவற்றிலோ பிஸ்டன் வால்வில் மோதி, பெருஞ்செலவாகும். ஆகவே வண்டியின் கைநூலில் குறித்த கிலோமீட்டரோ ஆண்டோ, எது முன்வந்தாலும், அப்போதே மாற்றிவிடுதல் நலம்.

காஸ்கட் பழுதுற்றதைச் சில அறிகுறிகளால் உணரலாம். கசிவு எதுவும் காணாமலே ரேடியேட்டர் நீர் குறைதல், எஞ்சின் சூடான பின்னும் புகைக்குழாயில் இனிய மணமுள்ள வெண்புகை நீடித்தல், எண்ணெய் மூடியின் அடியில் பால் நிறக் குழம்பு படிதல், ரேடியேட்டரில் குமிழிகள் எழுதல் ஆகியன அவை. இவற்றுள் ஒன்றைமட்டும் கொண்டு முடிவு கட்டலாகாது. குளிர்காலத்தில் மூடியில் படியும் ஈரமும் குழம்பாகலாம். சூடான எஞ்சினின் ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் ஒருபோதும் கூடாது. பாய்ந்தெழும் கொதிநீர் முகத்தையே வேகவைத்துவிடும்.

வீட்டில் செய்யத் துணிவோர் முதலில் மூன்று பொருள்களைத் தேடிக்கொள்க: அவ்வண்டிக்குரிய கைநூல், டார்க் ரெஞ்ச், இரண்டு முழுநாள் ஓய்வு. டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஹெட் போல்ட்டை முறுக்குவது குருடன் அம்பெய்வது போன்றது. டில்லியில் உள்ளோருக்குக் காஷ்மீரி கேட் கடைவீதியிலும், கொல்கத்தாவில் மல்லிக் பஜாரிலும் உதிரிப் பாகங்கள் கிடைக்கும். மொழி தெரியாதே என்ற கவலை வேண்டா. ஹெட், காஸ்கட், போல்ட் என்பன எங்கும் ஒரே பெயர்கள். ஸ்பானரை மட்டும் வடநாட்டார் ‘பானா’ என்பர்.

எஞ்சின் முற்றும் குளிர்ந்த பின் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுக. வண்டியைத் தூக்க நேர்ந்தால் ஜாக்கை நம்பி அடியில் நுழையாதீர். உறுதியான தாங்கிகளை இடுக. கூலன்ட்டைப் பாத்திரத்தில் பிடித்து மூடிவைக்க. அது இனிக்கும் நஞ்சு; குழந்தைகளும் நாய்களும் பருகிவிடக்கூடும். குழாய்களையும் கம்பிகளையும் கழற்றுமுன் சீட்டு ஒட்டிக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் பின்னர் மயக்கம் நேராது.

பிறகு எஞ்சினைக் கையால் சுற்றி, கிராங்க் சக்கரக் குறியும் கேம் சக்கரக் குறியும் அவற்றுக்குரிய இடங்களில் நிற்கச் செய்க. இழுப்புச் சக்கரத்தைத் தளர்த்திப் பெல்ட்டைக் கழற்றியபின் இரு தண்டுகளையும் அசைக்கலாகாது. ஹெட் போல்ட்டுகளை ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, சிறிது சிறிதாகத் தளர்த்துக. ஒன்றை முழுதும் கழற்றிவிட்டு அடுத்ததற்குச் செல்வது ஹெட்டை வளைத்துவிடும்.

கழற்றிய ஹெட்டை மரப்பலகைமேல் வைத்து, பழைய காஸ்கட்டின் துணுக்குகளை மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ சுரண்டி எடுக்க. உப்புக் காகிதமும் கம்பித் தூரிகையும் அலுமினியத்தைக் கீறிவிடும். பின்னர் நேரான எஃகுச் சட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, அடியில் பீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். பல சிறிய எஞ்சின்களில் 0.05 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வளைவு ஏற்கத்தக்கதன்று. வளைந்திருந்தால் பட்டறையில் கொடுத்துச் சமன்செய்வதே வழி. அவ்வேலையை வீட்டில் செய்ய இயலாது. வளைந்த ஹெட்டின்மேல் புதுக் காஸ்கட் வைத்தால் சில வாரங்களில் செலவு முழுதும் வீணாகும்.

போல்ட் துளைகளில் எண்ணெயோ நீரோ தேங்கியிருந்தால் ஒற்றி எடுத்துவிடுக. இல்லையேல் முறுக்கும்போது பிளாக்கே வெடிக்கலாம். புதுக் காஸ்கட்டின் மேற்புறக் குறியைப் பார்த்து வைக்க. இப்போது போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, கைநூல் கூறும் படிகளில், கூறும் அளவிற்கே இறுக்கவேண்டும். சில எஞ்சின்களின் போல்ட்டுகள் ஒருமுறை நீண்டால் மீண்டும் பயன்படா. அவற்றுக்குப் புதியனவே வாங்குக.

ஹெட்டைக் கழற்றப் பெல்ட்டைக் கழற்றியே ஆகவேண்டுமாதலால், பழைய பெல்ட்டை மீண்டும் பூட்டுவது சிக்கனமன்று. புதுப் பெல்ட்டைக் கூர்மையாக மடக்காமலும் எண்ணெய் படாமலும் பூட்டி, குறிகளைச் சரிபார்த்து இழுப்பை அமைக்க. பின்னர் ஸ்பானரால் கிராங்க்கை இரண்டு முழுச்சுற்றுச் சுற்றி, குறிகள் மீண்டும் பொருந்துகின்றனவா என்று காணவேண்டும். நாம் முதன்முறை இவ்வேலையைச் செய்தபோது ஒரு பல் தவறியிருந்ததை இச்சோதனையே காட்டியது. ‘இருளுமுன் முடித்துவிடலாம்’ என்று சாவியைத் திருப்பியிருந்தால், வால்வுகளுக்கும் விலை கொடுத்திருப்போம். சுற்றும்போது தடை உணரப்பட்டால் வலிந்து திருப்பாமல், பெல்ட்டை மீண்டும் கழற்றிப் பூட்டுக.

எண்ணெயையும் கூலன்ட்டையும் புதிதாக ஊற்றி, காற்றை வெளியேற்றி, எஞ்சினை ஓடவிட்டு வெப்பமானியைக் கவனியுங்கள். எஞ்சின் முதலில் சூடேறியது அடைபட்ட ரேடியேட்டராலா, ஓடாத விசிறியாலா, தெர்மோஸ்டாட்டாலா என்பதையும் கண்டு நீக்காவிடில் புதுக் காஸ்கட்டும் பழையதன் வழியே போகும்.

செலவிடுமுன் ஒரு சொல். டில்லித் தலைநகர்ப் பகுதியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு விதித்த தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதன் பின்னரும் விதிகள் மாறிவருகின்றன. வண்டிக்கு இன்னும் எத்தனை ஆண்டு வாழ்வுண்டு என்று விசாரித்துக்கொண்டு ஸ்பானரை எடுங்கள். கருவியோ நேரமோ போதாதெனில், தேர்ந்த மிஸ்திரியிடம் ஒப்படைத்து, ஹெட்டைச் சட்டம் வைத்துப் பார்த்தாரா, பெல்ட்டைப் பூட்டி இருமுறை சுற்றினாரா என்று கேளுங்கள். இவ்விரு கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவரை எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது.