மாடல் டி காரின் பேரிங்குகளை மீண்டும் வார்ப்பது ஏன்? எப்படி?

1908 முதல் 1927 வரை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி காரில், கிராங்க் ஷாஃப்ட் எனப்படும் வளைதண்டைத் தாங்கும் பேரிங்குகள் இக்காலத்தவை போலக் கழற்றி மாற்றத்தக்க தனி உறுப்புகள் அல்ல. வெள்ளீயம், ஆண்டிமனி, செம்பு ஆகியவை கலந்த பாபிட் என்னும் உலோகக்கலவையை எஞ்சின் உடலிலேயே ஊற்றி அவை வார்க்கப்பட்டன.

எஃகுத் தண்டுக்கு இத்தகைய மென்மையான உலோகம் ஏன்? கலவையிலுள்ள கடினமான நுண்படிகங்கள் சுமையைத் தாங்க, அவற்றைச் சூழ்ந்த மென்பகுதி எண்ணெயில் வரும் துகள்களைத் தன்னுள் புதைத்துக்கொண்டு தண்டைக் கீறலிலிருந்து காக்கிறது. ஆயினும் இந்த எஞ்சினில் எண்ணெய்ப் பம்பு இல்லை. சுழலும் பாகங்கள் வாரியிறைக்கும் எண்ணெயே மசகாக அமைவதால், எண்ணெய் குறையும்போது உராய்வு வெப்பம் ஏறி, சுமார் 240 பாகை செல்சியசிலேயே இளகத் தொடங்கும் பாபிட் சிதைகிறது.

புதுப்பிக்கும்போது பழைய பாபிட்டை உருக்கி நீக்கி, எண்ணெய்ப் பிசுக்கை அறவே அகற்றி, எஞ்சின் உடலை முன்கூட்டியே சூடாக்குகிறார்கள். குளிர்ந்த இரும்பில் ஊற்றினால் உலோகம் திடீரென உறைந்து இடைவெளி விடும் என்பதோடு, எஞ்சிய ஈரம் ஆவியாகி உருகிய உலோகத்தையே தெறிக்கச் செய்யும். வார்த்தபின் தண்டின் அளவுக்குத் துளையைக் கடைந்து, நீலச்சாயம் பூசிய தண்டைப் பொருத்திச் சுழற்றி, சாயம் ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டிச் சமன்செய்கிறார்கள். பேரிங் மூடிக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையில் வைக்கப்படும் ஷிம் என்னும் மெல்லிய தகடுகளில் ஒன்றை எடுத்துவிட்டால் பிற்காலத் தேய்மானத்தையும் ஈடுசெய்யலாம் என்பதால், முறையாக வார்த்த பேரிங் நீடித்து உழைக்கிறது.