நியாயஸ்தலத்தில் ஓர் இயந்திர மனிதன்

நடைமுறையில் ஒருநாளும் நேர முடியாத ஒரு விசித்திர சம்பவத்தைக் கற்பித்து, அதை வியாஜமாக வைத்துக்கொண்டு, நேருக்கு நேர் கேட்டால் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூடிய கேள்வியொன்றை நம்மைக் கேட்டுவிடுவது அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகாசிரியர்கள் வெகுகாலமாகக் கையாண்டுவரும் உபாயம். ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற விண்வெளித் தொடரில் 1989 பிப்ரவரியில் ஒளிபரப்பான ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’ என்னும் பாகத்தை அதற்குச் சிறந்த உதாரணமாகச் சொல்வேன். அதை எழுதிய மெலிண்டா ஸ்னாட்கிராஸ் முன்பு வக்கீல் தொழில் பார்த்தவர். அந்தத் தொழிலின் வாசனை கதை முழுதும் வீசுகிறது.

கதை நடப்பது இருபத்துநான்காம் நூற்றாண்டில். ‘எண்டர்பிரைஸ்’ என்ற விண்கலத்தில் டேட்டா என்றோர் அதிகாரி. பதக்கங்கள் பெற்றவன், தோழர்களோடு சீட்டாடுகிறவன், ஆனால் மனித உருவில் சமைத்த இயந்திரம். அவனைப் போல் இன்னும் பலரை உற்பத்தி செய்ய விரும்பும் புரூஸ் மாடாக்ஸ் என்ற விஞ்ஞானி, அவனைக் கழற்றிப் பார்க்க உத்தரவோடு வருகிறார். டேட்டா சம்மதிக்காமல் உத்தியோகத்தை ராஜினாமா செய்கிறான். கலத்தின் கணிப்பொறி தன்னைத் திருத்தக் கூடாதென்று மறுத்தால் கேட்போமா, இவனும் படையின் சொத்துத்தானே என்கிறார் மாடாக்ஸ். வழக்கு விசாரணைக்கு வருகிறது.

புதிதாகத் திறந்த நியாயஸ்தலமாகையால் அங்கே வக்கீல்கள் இல்லை. கலத்தின் தலைவர் பிக்கார்ட் டேட்டாவுக்காகவும், துணைத் தலைவரும் டேட்டாவின் நண்பருமான ரைக்கர் அவனுக்கு எதிராகவும் வாதாட வேண்டுமென்றும், ரைக்கர் மறுத்தால் டேட்டா சொத்துத்தான் என்று அப்போதே தீர்ப்பாகிவிடுமென்றும் நீதிபதி சொல்லிவிடுகிறார். வழக்குக்குத் தயாராகும் ரைக்கர், டேட்டாவின் உறுப்பமைப்பைப் படங்களில் ஆராய்ந்துகொண்டிருக்கையில், அவனை நிறுத்திவிடக்கூடிய விசையொன்றைக் கண்டுபிடிக்கிறார். ஜெயித்தோமென்ற சிரிப்பு அவர் முகத்தில் எழுந்து, எழுந்த வேகத்திலேயே கருகிப்போகிறது. ஒரு வக்கீலின் தர்மசங்கடத்தை இவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. மறுபடி சபையில், அவன் கையைக் கழற்றிக் காட்டிவிட்டு, பேசிக்கொண்டே பின்னால் சென்று அந்த விசையை அழுத்துகிறார். டேட்டா பொம்மையாய்ச் சாய்கிறான்.

மனம் தளர்ந்த பிக்கார்டிடம், கலத்தின் பானசாலையை நடத்தும் கைனன், இப்படி ஒரு சேனையே உண்டாகிவிட்டால் அவர்கள் யாருக்காக உழைப்பார்கள் என்று மெல்ல எடுத்துக்கொடுக்கிறார். கைனனாக நடித்த ஊப்பி கோல்ட்பெர்க் கறுப்பினத்தவர். ஆகவே அடிமைத்தனம் என்ற வார்த்தை வருமுன்பே விஷயம் விளங்கிவிடுகிறது. டிரெட் ஸ்காட் என்ற கறுப்பு அடிமை தன் விடுதலைக்காகத் தொடுத்த வழக்கில், கறுப்பர்கள் அமெரிக்கப் பிரஜைகளாக முடியாதென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1857-ல் தீர்ப்பளித்ததே, அந்த வழக்கை மனத்தில் கொண்டுதான் ஸ்னாட்கிராஸ் இதை எழுதினார். பழைய வழக்கையே நாடகமாக்கியிருந்தால், பார்க்கிறவன் தான் நல்லவர் கட்சி என்று முன்கூட்டியே தீர்மானித்து நிம்மதியாக உட்கார்ந்திருப்பான். விசையை அழுத்தினால் விழும் ஒன்றுக்கு உரிமை உண்டா என்று கேட்கும்போதோ, மாடாக்ஸ் சொல்வதும் நியாயம்தானே என்று அவனுக்கே ஒரு கணம் தோன்றிவிடுகிறது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் இத்தனை விசித்திரமும்.

பிறகு பிக்கார்ட் மாடாக்ஸையே கூண்டிலேற்றி, உயிருள்ள பிரக்ஞைக்கு லட்சணம் என்னவென்று கேட்கிறார்: புத்தி, தன்னையறிதல், சைதன்யம். முதலிரண்டும் டேட்டாவிடம் பிரத்தியட்சமாகத் தெரிய, மூன்றாவதை யாராலும் அளந்து சொல்ல முடியவில்லை. அவனுக்கு ஆத்மா உண்டா என்பது தமக்குத் தெரியாதென்றும், தமக்கே உண்டா என்பதும் தெரியாதென்றும், அதைத் தானே தேடிக்கொள்ளும் சுதந்திரம் அவனுக்கு உண்டென்றும் நீதிபதி தீர்ப்பளிக்கிறார். நண்பனையே எதிர் வக்கீலாக்கும் விசாரணை எந்த லோகத்துச் சட்டத்துக்கும் அடுக்காது என்பது வேறு விஷயம். அந்த அபத்தம் இல்லாவிட்டால் நாடகமும் இல்லை.

மறு வருஷம், 1990-ல் வந்த இன்னொரு பாகத்தில், டேட்டா லால் என்ற மகளைத் தானே படைத்துக்கொள்கிறான். அவளை அவனிடமிருந்து பிரித்துக்கொண்டுபோகப் படையின் உயர் அதிகாரி ஒருவர் வந்து நிற்கிறார். இந்தத் தீர்ப்பு கைவசம் இருந்தும், பிக்கார்ட் மறுபடி முதலிலிருந்து வாதாட வேண்டியதாகிறது.