கடாரத்துப் பள்ளத்தாக்கு

மலாக்கா நீரிணை வழியே வடக்கு நோக்கிச் செல்லும் கலத்தினர்க்குப் பினாங்கைக் கடந்ததும் வலப்புறத்தே தனித்து நிற்கும் மலையொன்று தோன்றும். கெடா மாநிலத்து ஜெராய் மலை அது. உயரம் 1,217 மீட்டர். அடிக்கணக்கில் ஏறத்தாழ 4,000. மலைத்தொடர் எதனையும் சாராது கடலோரத்திலேயே எழுந்து நிற்றலால் அவ்வுயரமே பேருயரமாகக் காட்சியளிக்கிறது. வங்கக் கடலைக் கடந்து வந்த பண்டை மாலுமிகட்குக் கரையை அறிவித்த அடையாளம் இதுவே. இம்மலைக்கும் தெற்கே ஓடும் மூடா ஆற்றுக்கும் இடைப்பட்ட தாழ்நிலம் பூஜாங் பள்ளத்தாக்கு எனப்படும். தமிழ்க் கல்வெட்டுகள் கூறும் கடாரம் இவ்வட்டாரமே என்பது அறிஞர் பலர் கொள்கை.

இங்குள்ள ஊர்கள் யாவும் சிற்றூர்களே. பீடோங், செமிலிங், மெர்போக் ஆகியவை சாலையோரக் கடைத்தெருக்களைக் கொண்டவை. மெர்போக் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் தஞ்சோங் டாவாய் என்னும் மீனவர் ஊர் உள்ளது. நெத்திலிக் கருவாட்டுக்கும் பெலாச்சானுக்கும் பெயர் பெற்ற ஊர், மணமே வழிகாட்டும்! அங்கிருந்து படகேறினால் சில நிமிடங்களில் எதிர்க்கரையிலுள்ள பந்தாய் மெர்டேக்கா கடற்கரையை அடையலாம். ஆற்றின் மேற்பகுதியில் கண்டற்காடுகளினூடே படகிற் செல்வதும் உண்டு. மலையடியில் மெர்போக்கிற்கு அணித்தாகத் தூப்பா அருவியும், யான் பக்கம் வேறு சில அருவிகளும் விழுகின்றன. மேலே கருமேகம் திரண்டிருக்கும்போது அருவியில் இறங்குதல் கூடாது. 2021 ஆகஸ்டில் யான் வட்டாரத்தில் மலையிலிருந்து திடீரெனப் பாய்ந்த வெள்ளம் உயிர்களைக் கொண்டு சென்றது.

ஆயினும் இப்பள்ளத்தாக்கின் பெருஞ்செல்வம் மண்ணிற்குள் இருப்பதாகும். 1834-இல் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், மூடா ஆற்றுக்குத் தெற்கே செபராங் பிறையில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்னும் மாநாவிகன், கடற்செலவு இனிது முடிய வேண்டிப் பொறித்த அக்கல் 5-ஆம் நூற்றாண்டினது என்பர். பின்னர், 1936-37-இல் குவாரிச் வேல்ஸும் அவர் துணைவியாரும் இவ்வட்டாரத்தை அகழ்ந்து, கண்ட இடிபாடுகட்கு வரிசை எண்ணிட்டனர். ‘சண்டி’ என்று மலாயில் வழங்கும் அக்கட்டடங்கள் இன்று கடலுக்கு அப்பால் உள்ளடங்கிக் கிடப்பது ஏன் என்று மாணவர் வினவுவர். அந்நாளில் கடல் இன்றைய கரையினும் உட்புறமாக வந்திருந்தது; ஆறுகள் கொணர்ந்த வண்டல் படிந்து படிந்து கரை மேற்கே விலகிற்று. துறைமுகம் வயலாயிற்று, பின் தோட்டமுமாயிற்று.

மெர்போக்கில் உள்ள தொல்பொருட் காட்சிச்சாலைக்கு அருகே, அருவி ஒலி கேட்கும் குன்றின்மேல் பூக்கிட் பத்து பஹாட் சண்டி நிற்கிறது. 1960 அளவில் அலஸ்டேர் லாம் என்னும் ஆய்வாளர் அதனைச் சீரமைத்தார். அதனுள் கருங்கற் பேழைகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் நடுவே ஒன்றும் சுற்றிலும் எட்டுமாக ஒன்பது குழிகள். கோயில் எடுக்குங்கால் மணிகளும் பொன்னும் இட்டுக் கருப்பேழை புதைக்கும் ஆகம வழக்கை இது நினைவூட்டும்.

இதுகொண்டு, சோழர் வந்து கட்டிய கோயில் இது என மேடைகளிற் பேசுவோர் உளர். ஆசிரியர் இதனைத் திருத்துதல் நன்று. சண்டியின் மண்டபத்தில் எஞ்சியிருப்பவை தூண்களைத் தாங்கிய கல்லடிகளே. மேலே மரத்தூணும் மரக்கூரையும் இருந்தன. சோழநாட்டுக் கல்விமானம் இங்கில்லை. இந்தியச் சமயத்தை ஏற்று, தம் கைப்பழக்கத்தில் இம்மண்ணினர் எழுப்பியவை எனக் கொள்வதே பொருந்தும். இராசேந்திரன் படையெடுப்பு 1025-ஐ ஒட்டியது. அதற்கு முன்பே, இராசராசன் காலத்தில், கடாரத்தரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்தது. போரைப் பாடமாக்குவோர் அவ்விகாரத்தை மறந்துவிடுகின்றனர்.

சுங்கை பத்துவில் 2009 முதல் நடைபெற்ற அகழாய்வு, இரும்பு உருக்கிய உலைக்களங்களையும், சுடுமண் துருத்திக் குழல்களையும், படகுத்துறை எனக் கருதப்படும் செங்கல் தளங்களையும் வெளிக்கொணர்ந்தது. அவற்றின் காலம் பற்றி அறிஞரிடையே வழக்கு ஓயவில்லை. எனினும் கடாரம் வெறும் தங்குதுறையன்று, தானே பண்டம் செய்து விற்ற ஊர் என்பது தெளிவாயிற்று.

இவ்வளவும் அறிந்த பின்னரும் ஓர் இழப்பு நேர்ந்தது. வேல்ஸ் எண்ணிட்ட 11-ஆம் சண்டி தனியார் நிலத்தில் இருந்தது. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுச் செல்வச் சட்டத்தின்கீழ் அது பதிவு செய்யப்பட்டிருக்கவில்லை. நிலத்தைச் சமன் செய்த இயந்திரங்கள் அதனை இடித்தழித்த செய்தி 2013 இறுதியில் வெளியாயிற்று. அதே வேல்ஸ் குறித்து வைத்த மற்றோர் இடம் ஜெராய் மலைக்கு வடக்கேயுள்ள பூக்கிட் சோராஸ். பல்லாண்டுகள் புதர் மூடிக் கிடந்த அக்குன்றை 2023-இல் அகழ்ந்தபோது, ஒரு பௌத்தத் தூபியும், சுதையாலான சிலைகளும், எழுத்துப் பொறித்த கல்லும் வெளிப்பட்டன.