தளர்ந்த இதயத்தில் துடிப்பு தவறுவது ஏன்?

நான் மருத்துவன் அல்லன். நாற்பது ஆண்டுகளாக மும்பையில் எவர்சில்வர் பாத்திர வியாபாரம் செய்பவன். பள்ளியிறுதியோடு படிப்பு நின்றது. ஆயினும் ஒரு பொருளில் ஐயம் எழுந்துவிட்டால் அதன் அடிவேரைப் பார்க்காமல் விடுவதில்லை. இதற்காக வீட்டில் வாங்கிய ஏச்சும் கொஞ்சமல்ல. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, வழக்கமாக எழுதும் இலக்கியத்தை விட்டு, இரண்டு ஆண்டுகளாக என்னை அலைக்கழித்த இந்தப் பொருளையே எழுதத் துணிந்தேன்.

என் மனைவியின் அண்ணனுக்கு வயது 68. இதயச் செயலிழப்பு என்று சொல்லியிருந்தார்கள். பெயரைக் கேட்டு இதயம் நின்றுவிட்டது என்று எண்ணக் கூடாது. அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தைத் தள்ளும் வலு இருக்காது, அவ்வளவே. ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையில் உள்ள இரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே போக வேண்டும். இவருக்கு எக்கோவில் 28 சதவீதம்தான் இருந்தது. மாத்திரைகள் கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் கால் வீக்கம் வடிந்தது, மாடிப்படி ஏறினார், எக்கோவும் 40ஐத் தொட்டது.

அப்போது ஒருநாள், "மாப்பிள்ளை, மூச்சு நல்லாத்தான் இருக்கு. இந்த மெட்டோப்ரோலால் போட்டா நாடி 56க்கு எறங்குது, அசதியா இருக்கு. பலமில்லாத இதயத்தை இன்னும் மெதுவாக்குற மாத்திரை எனக்கு எதுக்கு?" என்றார். நானும் பெரிய விஷயம் தெரிந்தவன்போல, "அதானே மச்சான்" என்றேன். மாத்திரையை நிறுத்தினார். ஐந்து வாரம் கழித்துக் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கீழறை தன்னிச்சையாக நிமிடத்துக்கு 200க்கு மேல் அடித்துக்கொண்டிருந்தது. மின் அதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள்.

தளர்ந்த இதயம் மெதுவாகத்தானே அடிக்க வேண்டும், ஏன் இப்படி வெறிகொண்டு ஓடியது என்று இளம் டாக்டர் ஒருவரைக் கேட்டேன். "பம்ப் மட்டும் கெடவில்லை அங்கிள், வயரிங்கும் மாறிவிட்டது. மாத்திரையை நிறுத்தியதால்தான் இது வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் காவல்காரனை நீங்களே அனுப்பிவிட்டீர்கள்" என்றார் இந்தியில். வயரிங்கை மாற்றியது யார்? அதைத் தேடித்தான் படிக்கத் தொடங்கினேன்.

இதயத்தின் ஒவ்வொரு செல்லும் ஒரு சிறு மின்கலம். ஓய்வில் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 85 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும். முதலில் சோடியம் வாயில் திறந்து மின்னூட்டம் பாயும், அடுத்துக் கால்சியம் நுழைந்து, செல்லுக்குள் இருக்கும் கால்சியக் கிடங்கைத் திறந்துவிடும், செல் சுருங்கும். பிறகு பொட்டாசியம் வெளியேறி மின்னழுத்தத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். கீழறையில் இவ்வளவும் கால் நொடிக்குச் சற்று மேல். இந்த வாயில்கள் ஒவ்வொன்றும் ஒரு புரதம். ஒவ்வொரு புரதத்துக்கும் செய்முறை ஒரு மரபணுவில் இருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உடலின் செல்கள் அனைத்திலும் ஒரே மரபணுத் தொகுதிதான். எங்கள் கிளைக் கடைகள் எல்லாவற்றுக்கும் ஒரே சரக்குப் பட்டியல் இருப்பதுபோல. ஆனால் எந்தக் கடையில் எந்தச் சரக்கை எவ்வளவு அடுக்குவது என்பது வேறு. அதைத்தான் மரபணுச் செயல்பாடு என்கிறார்கள். "அப்படியானால் இது பரம்பரை நோயா?" என்று சம்பந்தி வீட்டில் கேட்டார்கள். பட்டியலிலேயே பிழை இருப்பது தனி. இந்தியர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேரிடம் இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதையும், அது இதயத் தசை நோய்க்கு வழிவகுப்பதையும் ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2009இல் வெளியிட்டது. நான் சொல்ல வந்தது அதுவல்ல. பட்டியல் சரியாகவே இருந்தும், தளர்ந்த இதயம் அடுக்கும் சரக்கு மாறிவிடுகிறது.

எப்படி மாறுகிறது? இதய மாற்று அறுவையில் எடுத்த நோயுற்ற இதயங்களின் செல்களில், பொட்டாசிய மின்னோட்டம் குறைந்திருப்பதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1993இல் காட்டினார்கள். அந்த வாயில்களில் ஒன்றின் மரபணுச் செய்தியே குறைவாக எழுதப்படுகிறது என்பது 1998இல் தெளிவாயிற்று. பொட்டாசியம் தாமதித்தால் செல் பழைய நிலைக்குத் திரும்புவதும் தாமதம். அந்த இடைவெளியில் வேண்டாத துடிப்பு ஒன்று முளைக்க வாய்ப்புண்டு.

கால்சியக் கணக்கு இன்னும் சுவையானது. சுருங்கி முடிந்ததும் கால்சியத்தை வாரி மீண்டும் கிடங்கில் போடும் புரதத்துக்குச் செர்கா என்று பெயர். தளர்ந்த இதயத்தில் இது குறைகிறது. ஈடுகட்டவோ என்னவோ, கால்சியத்தைச் செல்லுக்கு வெளியே தள்ளும் இன்னொரு புரதம் கூடுகிறது. அது ஒரு கால்சியத்தை வெளியே விட்டு மூன்று சோடியத்தை உள்ளே எடுக்கும். கால்சியத்துக்கு இரண்டு நேர்மின்னூட்டம், சோடியத்துக்கு ஒன்று. இரண்டு போய் மூன்று வந்தால் ஒன்று மிச்சம். வியாபாரத்தில் மிச்சம் லாபம். இங்கே அந்த மிச்சம்தான் ஆபத்து. கிடங்கிலிருந்து கால்சியம் அகாலத்தில் கசியும்போதெல்லாம் இந்த மிச்ச மின்னூட்டம் சேர்ந்து, யாரும் கேட்காத துடிப்பைக் கிளப்பிவிடும்.

செல்லுக்குச் செல் மின்சாரம் கடத்தும் இணைப்பான கனெக்சின் 43 என்ற புரதமும் குறைகிறது; செல்லின் முனைகளில் இருக்க வேண்டியது பக்கவாட்டுக்கு நகர்ந்துவிடுகிறது. தழும்புத் திசு வேறு குறுக்கே. எனவே கிளம்பிய தவறான துடிப்பு நேர்வழி செல்லாமல் வட்டமடிக்கிறது. மச்சானைச் சாய்த்தது அப்படிப்பட்ட சுழல்தானாம்.

கருவில் இருந்தபோது ஓங்கியிருந்து பிறந்தபின் அடங்கிய சில மரபணுக்களை இதயம் மீண்டும் திறந்துகொள்வது எனக்கு மிகுந்த வியப்பளித்தது. அவற்றுள் ஒன்றின் விளைபொருள்தான் பி.என்.பி. 1988இல் ஜப்பானியர் இதை முதலில் பன்றியின் மூளையில் கண்டதால் மூளையின் பெயரே ஒட்டிக்கொண்டது. இதயச் செயலிழப்புக்காக இரத்தப் பரிசோதனை செய்தவர்கள் தங்கள் ரிப்போர்ட்டில் 'என்டி ப்ரோ பி.என்.பி.' என்ற வரியைப் பாருங்கள். இதயத்தின் மரபணுச் செயல்பாட்டின் அடையாளம் அது.

இனி மாத்திரைக்கு வருவோம். மச்சான் கேட்ட கேள்வியையே அக்காலத்து டாக்டர்களும் கேட்டார்கள். தளர்ந்த இதயத்துக்குப் பீட்டா பிளாக்கர் ஆகாது என்பதே பாடம். ஸ்வீடனில் வாக்ஸ்டீன் என்பவரும் தோழர்களும் 1975இல் 7 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டு எழுதினார்கள்; நெடுநாள் பலரும் நம்பவில்லை. 1999இல் 3,991 பேரிடம் நடந்த ஆய்வில், மெட்டோப்ரோலால் எடுத்தவர்களிடம் திடீர் மரணம் 41 சதவீதம் குறைந்தது. 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இதயத் தசையின் சிறு துணுக்குகளையே எடுத்துப் பார்த்தது: பீட்டா பிளாக்கரால் தேறியவர்களிடம் செர்காவின் மரபணுச் செய்தி மீண்டும் கூடியிருந்தது. அதாவது மாத்திரை நாடியை மட்டும் இறக்கவில்லை. அலமாரியில் பழைய சரக்கைத் திரும்ப அடுக்க வைத்தது.

இதற்கு மாறாக, வேண்டாத துடிப்பை மட்டும் அடக்கும் என்கைனைடு, ஃபிளெகைனைடு என்ற மருந்துகளை மாரடைப்புக்குப் பின் கொடுத்துப் பார்த்தபோது மரணம் கூடியது, 1989இல் நிறுத்திவிட்டார்கள். செர்கா மரபணுவையே நேரே செலுத்திப் பார்த்த 250 பேர் ஆய்வும் பலனளிக்கவில்லை என்று 2016இல் வெளியாயிற்று. ஒரு சரக்கை மட்டும் ஏற்றினால் கடை நிமிராது போலும்.

"நல்லாயிட்டேனே, இனி எதுக்கு?" என்பதற்கும் பதில் வந்துவிட்டது. இதயம் முழுதும் தேறிய 51 பேரை வைத்து லண்டனில் ஆய்வு நடந்தது. மருந்தைப் படிப்படியாக நிறுத்திய 25 பேரில் 11 பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது; தொடர்ந்து எடுத்தவர்களில் அந்த ஆறு மாதத்தில் ஒருவருக்கும் இல்லை. 2019இல் லான்செட் இதழில் வந்தது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

எங்களைப்போல் நோன்பிருக்கும் வீட்டாருக்கு இன்னொன்று. நீர் பிரிய வைக்கும் ஃப்ரூசமைடு போன்ற மாத்திரை பொட்டாசியத்தையும் வெளியேற்றும். ஏற்கெனவே பொட்டாசிய வாயில் குறைந்த இதயத்துக்கு அது இரட்டைச் சுமை. நீரும் அருந்தாத உபவாசத்தை டாக்டரிடம் சொல்லாமல் தொடங்க வேண்டாம். மச்சான் சொன்னார்; டாக்டர் நீரில்லா நோன்பை மறுத்துவிட்டார். பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கத்துக்கு ஏற்ப மாத்திரை நேரத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தார்.

இப்போது அவர் இடது காறை எலும்புக்குக் கீழே தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கருவி இருக்கிறது. துடிப்பு தவறினால் தானே மின் அதிர்ச்சி கொடுக்கும். போலந்தில் பிறந்த மிரோவ்ஸ்கி என்ற டாக்டரின் முயற்சியால் 1980இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. இக்கருவி எந்த மரபணுவையும் மாற்றாது. காவல் மட்டும் காக்கும். இதுவரை ஒருமுறைகூட அது வேலை செய்ய நேரவில்லை. மெட்டோப்ரோலால் காலைச் சிற்றுண்டியோடு தொடர்கிறது. தினமும் எட்டு மணிக்கு என் மனைவி போன் போட்டு, "அண்ணா, போட்டாச்சா?" என்று கேட்பாள். அவர், "உன் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன்" என்பார்.