நான்கு துண்டு சேர்ந்தால் ஒரு சிக்னல்

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் ஆன் செய்ததும் பீப், பீப் என்று கத்தியது. ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினேன், சரியாகி விட்டது. அந்த வீட்டு அம்மா கேட்டார்: "தம்பி, என் பையனுக்குப் பத்து வயசாகியும் படிப்பு வரலை. அவன் மூளையில எந்த பாகம் கழண்டிருக்கு?"

எல்லாக் குழந்தைகளுக்கும் இதற்கு ஒரே பதில் இல்லை. ஆனால் சில குழந்தைகளுக்கு, எந்தப் பாகம் என்று பெயர் சொல்லும் அளவுக்கு இன்று விஞ்ஞானம் வளர்ந்திருக்கிறது. அதைப் பார்ப்போம்.

சினாப்ஸ் என்றால் என்ன?

மூளையின் நரம்புச் செல்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே மிகச் சிறிய இடைவெளி உண்டு. இந்த இணைப்பு இடம்தான் சினாப்ஸ். ஒரு செல் குளூட்டமேட் என்ற ரசாயனத்தை வெளியே விடும். எதிர்ச் செல்லின் மேல் இருக்கும் ரிசெப்டார் அதைப் பிடித்து, சிக்னலை உள்ளே அனுப்பும். யு.எஸ்.பி. போர்ட் போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இந்த போர்ட் ஒரே பாகம் அல்ல. நான்கு புரோட்டீன் துண்டுகள் சேர்ந்தது. உதாரணமாக, கற்றலுக்கு முக்கியமான என்.எம்.டி.ஏ. ரிசெப்டாரில் பொதுவாக 'என்1' வகைத் துண்டு இரண்டும் 'என்2' வகைத் துண்டு இரண்டும் இருக்கும். செல்லுக்குள்ளேயே ஒரு சோதனை உண்டு. சரியாகச் சேராத துண்டுகள் பெரும்பாலும் உள்ளேயே நிறுத்தப்படும். பீப் சத்தத்துடன் நிற்கும் கம்ப்யூட்டர் மாதிரிதான். 'என்2பி' துண்டுக்கான ஜீனில் பிழை இருந்தால் அறிவுத்திறன் குறைபாடு வரலாம் என்று 2010-ல் தெரிய வந்தது.

புணேயில் கண்டது

இந்தக் குடும்பத்தில் 'குளூ-டி1' என்று ஒரு விசித்திர உறுப்பினர் உண்டு. குளூட்டமேட்டைப் பிடிப்பது இதன் வேலை அல்ல. எதிரெதிரே உள்ள இரு செல்களையும் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் போன்றது. புணே தேசிய செல் அறிவியல் மையத்தில் ஜனேஷ் குமார் குழு இதன் அமைப்பைப் படம் பிடித்து 2020-ல் வெளியிட்டது. மற்ற குளூட்டமேட் ரிசெப்டார்களில் மேல் அடுக்கில் ஜோடி சேரும் துண்டுகள் கீழ் அடுக்கில் ஜோடி மாறிக் கொள்ளும். குளூ-டி1-ல் ஜோடி மாறுவதில்லை!

2024-ல் அடுத்த செய்தி வந்தது. அறிவுத்திறன் குறைபாடும் கால் இறுக்கமும் உள்ள 5 பேரிடம், இதற்கான ஜீனில் பிழை காணப்பட்டது. இரண்டு குடும்பத்தினர், இரண்டிலும் சொந்தத்துக்குள் திருமணம். பரிசோதனையில் பழுதான குளூ-டி1 செல்லில் உருவானது, போக வேண்டிய இடத்துக்கும் போனது. ஆனால் அருகில் உள்ள வேறு ரிசெப்டார்களின் சிக்னல் குறைந்தது, சினாப்ஸ்களும் குறைந்தன. அதாவது கம்ப்யூட்டர் பூட் ஆகிறது, போர்ட்டும் இருக்கிறது, டேட்டா மட்டும் ஒழுங்காகப் போகவில்லை.

நீங்களே பார்க்கலாம்

இன்டர்நெட்டில் 'புரோட்டீன் டேட்டா பேங்க்' தளத்துக்குப் போங்கள், கட்டணம் கிடையாது. தேடும் பெட்டியில் 3கேஜி2 என்பதை ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள். 2009-ல் வெளியான ஆம்பா ரிசெப்டார் வரும். முப்பரிமாணப் படத்தைத் திறந்து மவுசால் சுழற்றுங்கள். நான்கு துண்டுகளும் பின்னிக் கிடப்பது தெரியும்.

வீட்டுக்கு என்ன பயன்?

பெரும்பாலான ஜீன்கள் நமக்கு இரண்டு பிரதி, அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று. அந்த 5 பேருக்கும் இரண்டு பிரதியிலும் அதே பிழை இருந்தது. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டும்போது அப்படி ஒரே பிழை சேரும் வாய்ப்பு கூடுகிறது. அப்படிக் கட்டியவர்கள் எல்லோருக்கும் இது வரும் என்று அர்த்தமில்லை.

குழந்தை பேசவோ படிக்கவோ மிகவும் தாமதித்தால், ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவரிடம் காட்டி, ஜீன் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். ரேம் மாதிரி ரிசெப்டாரைக் கழற்றி மாட்ட வழியில்லை. ஆனால் காரணம் தெரிந்தால் அடுத்த குழந்தைக்குத் திட்டமிடலாம். பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வியை அதற்காகக் காத்திருக்காமல் இன்றே தொடங்கலாம். முக்கியமாக, பையன் சோம்பேறி, அம்மா வளர்ப்பு சரியில்லை என்ற பேச்சை நிறுத்தி விடலாம்.