ஆர்.எக்ஸ். 100: வாங்கறது ஈஸி... வச்சிருக்கறது?

சாயங்காலம் செம்மண்டலம் பஸ் ஸ்டாப்புல நிக்கறீங்க. வரிசையா நாலு புது பைக் போகுது. நீங்க செல்போன்ல இருந்து தலையைத் தூக்கல. அஞ்சாவதா ஒரு சத்தம். கடலூர் ஓ.டி. பக்கம் இருந்து வர்றப்பவே காது கண்டுபிடிச்சிடும், கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே! வண்டி தாண்டிப் போனதும் மூக்குல லேசா டூடி ஆயில் வாசனை. பக்கத்துல நிக்கற ஃபைனல் இயர் அண்ணன் ஒரு பெருமூச்சு விடறார்: "ஆர்.எக்ஸ்டா..."

அமெரிக்காவுலயும் ஜப்பான்லயும் காலேஜ் பசங்க பழைய ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை, அதாங்க, 'கூப்பே'ங்கறாங்களே, அதைக் குறைஞ்ச விலைக்கு வாங்கி வருஷக்கணக்கா நோண்டிக்கிட்டே இருப்பாங்க. நம்ம ஊர்ல கூப்பேக்கு எங்கே போறது? நமக்கு வாய்ச்சது யமஹா ஆர்.எக்ஸ். 100. அதுக்கும் ரெண்டே சீட், இதுக்கும் ரெண்டே சீட். அதுவும் வயசானது, இதுவும் வயசானது. பர்ஸைக் காலி பண்றதுல ரெண்டும் ஒரே ஜாதி.

1985 நவம்பர்ல எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவோட தொழில்நுட்பக் கூட்டுல இந்த வண்டியை இந்தியாவுல இறக்கினாங்க. 1996ல தயாரிப்பை நிறுத்திட்டாங்க. அதாவது கடைசியா வந்த ஆர்.எக்ஸ். 100கூட இன்னைக்கு உங்களைவிட வயசுல மூத்தது. "அது" இதுன்னு பேசாம கொஞ்சம் மரியாதையா "அவரு"ன்னே சொல்லலாம்!

98 சி.சி.யில அப்படி என்ன இருக்கு?

சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கற தூரமும் அதே 50. கணக்குப் போட்டுப் பாருங்க, 98 சி.சி. வரும். அதுல 11 குதிரைசக்தி. வண்டி எடை சுமார் 103 கிலோ. இதுல விஷயமே அந்த எடைதான். இன்னைக்கு 125 சி.சி. வண்டி பலதும் இதே அளவு சக்தியைத்தான் கொடுக்குது, ஆனா உடம்பு கனம். ஆர்.எக்ஸ். ஒல்லிப்பிச்சான். அதான் ஆக்ஸிலேட்டரை முறுக்கினதும் முன் வீல் தரையை மறந்துடுது.

இன்னொரு காரணம் டூ ஸ்ட்ரோக். ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின்ல கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினாத்தான் ஒரு தடவை வெடிக்கும். இதுல ஒவ்வொரு சுத்துக்கும் வெடி. கேமும், அது தள்ளித் திறக்கற வால்வும் கிடையாது. பிஸ்டன் ஏறி இறங்கறப்போ சிலிண்டர் சுவத்துல இருக்கற ஓட்டைகளை அதுவே மூடித் திறந்துக்கும். சிம்பிள்! ஆனா புது பெட்ரோல் காத்து உள்ளே வர்ற அதே நேரத்துல பழைய புகை வெளியே போகுது. அந்தக் கூட்டத்துல கொஞ்சம் பெட்ரோல் எரியாமலே நழுவிடும், கல்யாண மண்டபத்துல மொய் வைக்காம நழுவற ஆள் மாதிரி. மைலேஜ் அடி வாங்கறது அதனாலதான். புகைச் சட்டங்கள் டூ ஸ்ட்ரோக்கைத் துரத்தினதும் அதனாலதான்.

வாங்கறதுக்கு முன்னாடி பேப்பரைப் பாருங்க

வண்டியைப் பார்த்ததும் கிக்கரை உதைக்காதீங்க. முதல்ல ஆர்.சி. புக்கை வாங்குங்க. ஹேண்டில் கழுத்துல அடிச்சிருக்கற சேஸிஸ் நம்பர், என்ஜின் மேல இருக்கற நம்பர் ரெண்டையும் ஆர்.சி.யோட ஒவ்வொரு எழுத்தா ஒப்பிட்டுப் பாருங்க. நம்பர் தேய்ச்ச மாதிரியோ, அந்த இடத்துல மட்டும் பெயின்ட் புதுசாவோ இருந்தா "அப்புறம் வர்றேண்ணே"ன்னு கிளம்பிடுங்க. விலை ஏறின வண்டி திருடனுக்கும் பிடிச்ச வண்டிதான், பாஸ்.

டி.என். 31 நம்பர்ல பளபளன்னு நிக்கற வண்டியோட ஆர்.சி. செத்துப் போயிருக்கலாம். சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதுக்கப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். 1995 வண்டின்னா 2010, 2015, 2020, 2025ன்னு நாலு தடவை ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலை மிதிச்சிருக்கணும். 2022 ஏப்ரல்ல இந்தக் கட்டணத்தை 300 ரூபாயிலிருந்து 1,000 ஆக்கினாங்க. 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டின பைக்குக்கு 2,000ன்னு ஏத்தினாங்க. புதுப்பிக்காம விட்டா மாசத்துக்கு 300 தாமதக் கட்டணம் வேற. பசுமை வரி தனி. ஆக, "சீப்பா வருதுடா மச்சான்"னு ஒருத்தன் சொன்னா ஆர்.சி. எத்தனை வருஷமா தூங்குதுன்னு கேளுங்க.

வாங்கிட்டீங்களா? படிவம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள்ள பேர் மாத்திடுங்க. வண்டி இறந்துபோன தாத்தா பேர்ல இருந்தா படிவம் 31. "வீட்டு வண்டிதானே"ன்னு அப்படியே ஓட்டற பசங்க நம்ம பக்கம் நிறைய. ஒரு விபத்து ஆனாத்தான் அந்தப் பேருக்கு எவ்வளவு கனம்னு தெரியும்.

இடது கை ரெண்டு விரல்

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு பாராவைத்தான் படிப்பேன்னு அடம் பிடிச்சா, இதைப் படிங்க.

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில என்ஜின் ஆயில் உள்ளேயே சுத்தும். டூ ஸ்ட்ரோக்குல ஆயில் பெட்ரோலோட சேர்ந்து போய் எரிஞ்சு தீர்ந்துடும். ஆர்.எக்ஸ்.ல சைடுல ஒரு தனி ஆயில் டேங்க், அதுல இருந்து இழுத்துக் கொடுக்க ஒரு குட்டி பம்ப். ஆக்ஸிலேட்டர் கேபிளோட அதுக்கும் ஒரு கேபிள் தொடர்பு. நீங்க முறுக்க முறுக்க அதிகம் ஊத்தும். டேங்க் காலியானாலோ, பம்ப் கேபிள் அறுந்தாலோ, பைப்புல காத்து அடைச்சாலோ வண்டி உடனே நிக்காது. கொஞ்ச தூரம் ஜம்முனு ஓடும். அப்புறம் பிஸ்டன் சூடாகி, வீங்கி, சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கும். மெக்கானிக் பாஷையில 'சீஸ்'. அந்த நொடியில பின் சக்கரம் சுத்தறதை நிறுத்திடும்.

சிதம்பரம் ரோட்டுல ஆலப்பாக்கம் தாண்டி எழுபதுல போறப்போ, பின்னாடி ஒரு லாரி வர்றப்போ, இது நடந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அதனாலதான் பழைய ஆர்.எக்ஸ். ஆளுங்க எல்லாரும் ஹைவேயில இடது கையோட ரெண்டு விரலை கிளட்ச் மேலயே வச்சிருப்பாங்க. ஸ்டைல்னு நினைச்சீங்களா? சத்தம் கொஞ்சம் மாறினாலும், வண்டி யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கற மாதிரி திணறினாலும் உடனே கிளட்சை அழுத்துங்க. சக்கரம் விடுபட்டுடும், உருண்டபடியே ஓரம் கட்டிடலாம். எனக்கு ஒரு தடவை புதுச்சத்திரம் பக்கத்துல ஆச்சு. கிளட்ச் பிடிச்சதால இந்தக் கட்டுரையை எழுதிக்கிட்டிருக்கேன். தப்பு யாருதுன்னா, நம்முதுதான். முந்தின நாள் ஆயில் பார்க்க சோம்பேறித்தனம்.

பழைய வண்டியில பம்பையே கழட்டி வீசியிருப்பாங்க. அதுக்கு லிட்டருக்கு 20 மில்லி கணக்குல நீங்களே பெட்ரோல்ல கலக்கணும். வாங்கறப்போவே "பம்ப் இருக்கா, கலக்கணுமா?"ன்னு கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. இருக்குன்னு நினைச்சு வெறும் பெட்ரோல் போட்டு ரீபோர் வரைக்கும் போனவங்க உண்டு.

ரீபோர்னா? தேஞ்ச சிலிண்டரை லேத்துல கொடுத்துக் கடைஞ்சு, 0.25 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடறது. அடுத்த தடவை 0.50, அப்புறம் 0.75, கடைசியா 1.00. அதுக்கு மேல சிலிண்டர்ல சதை இல்ல. அதனால வாங்கறப்போ "எத்தனாவது போர்?"னு ஒரு கேள்வி போடுங்க. விக்கறவர் முகம் மாறினா அதுவே பதில்.

உப்புக் காத்தும் வெள்ளமும்

மதுரைக்காரனுக்கு இல்லாத ரெண்டு எதிரி நமக்கு உண்டு. முதலாவது கடல். தேவனாம்பட்டினத்துல காலேஜ், சாயங்காலம் சில்வர் பீச்... ஜாலிதான். ஆனா ஸ்போக்ஸ், ரிம், சைலன்ஸர் எல்லாத்து மேலயும் உப்பு படியும். வாரம் ஒரு தடவையாவது நல்ல தண்ணியில கழுவித் துடைங்க. பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீங்க, உள்ளே வேர்த்துத் துரு இன்னும் வேகமாப் பிடிக்கும். பழைய பருத்தி வேட்டி போதும்.

ரெண்டாவது வெள்ளம். 2015 மழை, 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையில வந்த தண்ணி. கடலூர்ல எத்தனை வீட்டு வாசல்ல வண்டி முங்கிக் கிடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். தண்ணி வடிஞ்சதும் எல்லாரும் பண்ற முதல் காரியம் கிக்கரை உதைக்கறது. அதைத்தான் பண்ணவே கூடாது! டூ ஸ்ட்ரோக்குல பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் அறையும் பெட்ரோல் போற வழிதான். அங்கே தேங்கின தண்ணியை அமுக்க முடியாது. ஏதாவது ஒண்ணு வளையும், இல்ல உடையும். பிளக்கைக் கழட்டுங்க. கார்ப்பரேட்டரைக் கழட்டிக் கொட்டுங்க. பிளக் இல்லாமலே கையால கிக்கரை மெதுவா அமுக்கி, தண்ணி வெளியே வர விடுங்க. பிளக் ஓட்டை வழியா கொஞ்சம் டூடி ஆயில் விட்டு மறுபடி அமுக்குங்க. கியர் ஆயில் பால் காபி நிறத்துல இருந்தா மாத்திடுங்க. பெட்ரோல் டேங்க், ஆயில் டேங்க் ரெண்டையும் காலி பண்ணுங்க. ரெண்டு வீல் பிரேக் டிரம்மையும் திறந்து காய வைங்க. மூணு நாள் கழிச்சுப் பார்த்துக்கலாம்னு விட்டா உள்ளே பேரிங் துருப்பிடிச்சிடும்.

இப்போ புதுசா ஒரு மூணாவது ஆள்: இ20 பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குத் தண்ணியை இழுக்கற குணம். இந்த வண்டியோட ரப்பர் பைப்பும் வாஷரும் அதுக்காகச் செஞ்சதில்ல. பைப்பை மாத்துங்க. லீவுக்கு ஊருக்குப் போறப்போ பெட்ரோல் குழாயை மூடி, கார்ப்பரேட்டரைக் காலி பண்ணிட்டுப் போங்க. பிளக்கை அப்பப்போ கழட்டிப் பாருங்க. காபிப் பொடி நிறம்னா ஓகே. வெள்ளையா வெந்து போயிருந்தா பெட்ரோல் பத்தல, ஜெட்டைப் பார்க்கச் சொல்லுங்க.

அப்கிரேடா, அலங்காரமா?

வண்டி வந்த மறுநாளே சைலன்ஸரை வெட்டணும்னு கை பரபரக்கும். டூ ஸ்ட்ரோக்குல சைலன்ஸர் சும்மா குழாய் இல்ல. அதுக்குள்ள எழற அழுத்த அலைதான் நழுவிப் போற பெட்ரோலைத் திருப்பி உள்ளே தள்ளுது. வெட்டினா சத்தம் ஏறும், சக்தி இறங்கும். மோட்டார் வாகனச் சட்டத்துல சத்தத்துக்கு 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம் இருக்கு. வெட்டறதுக்குப் பதிலா கரி எடுங்க. பாதி அடைஞ்ச சைலன்ஸரைச் சுத்தம் பண்ணினாலே "என்னடா புது வண்டி மாதிரி இழுக்குது"ன்னு கேப்பீங்க.

அடுத்த ஆசை, 135 கிட் ஏத்தறது. 58 மில்லிமீட்டர் போர், 132 சி.சி. ஆனா நிறுத்தறது அதே பழைய டிரம் பிரேக். சட்டப்படியும் கம்பெனி கொடுத்த வடிவத்தை மாத்தினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம். 2019ல சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதியாச் சொல்லிடுச்சு. என்னைக் கேட்டா, முதல் காசை டயர்ல போடுங்க. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2219ன்னா 2019ம் வருஷம் 22வது வாரம் தயாரிச்சது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் வயசான ரப்பர் மழையில வழுக்கும். அடுத்து பிரேக் ஷூ, கோன் செட், செயின். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்கதான். பரவாயில்லை.

புகைச் சான்றிதழ் எடுக்கப் போனா பயப்பட வேணாம். 2000 மார்ச்சுக்கு முந்தின வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பி.பி.எம். வரைக்கும் அனுமதி. கார்ப்பரேட்டர் ஒழுங்கா இருந்தா பாஸ் ஆயிடும். அதுக்காக ஹாஸ்டல் வாசல்ல நிறுத்தி முறுக்கி எல்லாரையும் இரும வைக்கலாம்னு அர்த்தம் இல்ல. இந்த வண்டியோட நிஜமான குறை அந்தப் புகை. அதை மறைச்சு எழுத மனசு வரல.

யமஹாவே இந்தப் பேரைத் திரும்பக் கொண்டுவர யோசிக்கறதா 2022ல சொல்லுச்சு. வந்தாலும் அது ஃபோர் ஸ்ட்ரோக்காத்தான் வரணும். அந்தச் சத்தம் வராது.

2021ல மத்திய அரசு 'விண்டேஜ்' வாகன விதி ஒண்ணு போட்டாங்க. 50 வயசு தாண்டணும், பெருசா மாத்தி அமைச்சிருக்கக் கூடாது. நம்பர் பிளேட்ல 'வி.ஏ.'ன்னு எழுத்து வரும். கண்காட்சிக்கோ, பெட்ரோல் போடவோ, சர்வீஸுக்கோ மட்டும் ரோட்டுக்கு எடுக்கலாம். முதல் ஆர்.எக்ஸ். 100க்கு 2035 நவம்பர்ல 50 முடியுது. அதுவரைக்கும் அவர் அண்ணாமலைநகர் வரைக்கும் உங்களைத் தூக்கிட்டுப் போகத் தயார்தான்.

ஆமா, இன்னைக்கு ஆயில் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தீங்களா?